ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளைக்கு எந்த டேப் சரி? கல்லூரி நூலகங்கள் போடவேண்டிய 3 வருடக் கணக்கு!

புதுக்கோட்டை மாவட்டம், மணமேல்குடி தாலுகாவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது ஜெகதாப்பட்டினம். மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் ஊர். இங்கிருந்து கிளம்பும் விசைப்படகுகளில் கையடக்கக் கருவி என்பது புதிய விஷயம் இல்லை. ஜி.பி.எஸ். இல்லாமல் ராத்திரியில் கடலுக்குள் போவதை யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

அந்தக் கருவியை வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் போதுமா? உப்புக் காற்றைத் தாங்க வேண்டும். வெயிலில் ஸ்கிரீன் தெரிய வேண்டும். பேட்டரி நிற்க வேண்டும். பழுதானால் பக்கத்திலேயே சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும். நடுக்கடலில் நின்றுபோகும் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் நஷ்டம்தான்.

இதே ஊரின் பிள்ளைகள் பட்டப்படிப்புக்காக அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் படிக்கும் கல்லூரிகளின் நூலகம் டேப்லெட்டோ இ-ரீடரோ வாங்க முடிவு செய்தால், அதே கேள்விகளைத்தான் அங்கேயும் கேட்க வேண்டும். ஆனால், பட்ஜெட் கொஞ்சமாக இருக்கும்போது முதலில் கண்ணில் படுவது ஒரே ஒரு விஷயம்தான்: "இந்தப் பணத்துக்கு எத்தனை கருவி வரும்?"

அந்தக் கேள்வியில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

வீட்டில் ஒரு போன், அதுவும் யாருடையது?

எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட காலத்தில் நூலகத்துக்கு எதற்குத் தனிக் கருவி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் தாங்களே பயன்படுத்தும் மொபைல் போன் வைத்திருப்பவர்கள் நாடு முழுக்க சுமார் 54 சதவிகிதம்தான். தமிழ்நாடு பரவாயில்லை, சுமார் நான்கில் மூன்று பேர். அப்படியும் நாலில் ஒருத்தர் கையில் போன் இல்லை. போன் என்றால் ஸ்மார்ட்போன் என்றும் அர்த்தம் இல்லை.

கடலோர வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அப்பாவுடையது என்றால், அது அவருடன் தொழிலுக்குப் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் வீட்டில் இருக்கும். ஆனால் வருமானம் இருக்காது. ரீசார்ஜ் தள்ளிப்போகும். செமஸ்டர் தேர்வுகள் வருவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான்.

ஆக, நூலகத்தின் கருவி யாருக்குத் தேவை என்பது தெளிவு. சொந்த லேப்டாப் உள்ள மாணவருக்கு அது ஒரு வசதி. வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்க வந்திருக்கும் மாணவிக்கு அதுதான் வாசல். இந்த மாவட்டத்துக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு சாதாரண சைக்கிள், அவர்கள் போய்வரக்கூடிய தூரத்தையே மாற்றியது. அதை ஓட்டக் கற்றுத்தந்ததும், ஓட்டுவதற்கான சூழலை உருவாக்கியதும்தான் அதைச் சாத்தியமாக்கின.

'ஆகாஷ்' சொல்லிவிட்டுப் போன பாடம்

குறைந்த விலைக் கருவி என்றதும் நினைவுக்கு வரவேண்டிய பெயர், ஆகாஷ். 2011 அக்டோபர் 5-ம் தேதி, அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் அறிமுகப்படுத்திய டேப்லெட். அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. மாணவர்களுக்குப் பாதி மானியத்தில் தருவது திட்டம்.

உள்ளே என்ன இருந்தது? 7 அங்குல ஸ்கிரீன், 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ரேம். விரலால் லேசாகத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டிய பழைய ரகத் தொடுதிரை. பயன்படுத்தியவர்கள் வேகம் இல்லை, பேட்டரி நிற்கவில்லை, திரை சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். கருவி எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதிலேயே பரிசோதிக்க வேண்டிய ஐ.ஐ.டி-க்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் தகராறு வந்தது. 2012 நவம்பரில் ஐ.ஐ.டி. பாம்பே பொறுப்பில் மேம்பட்ட 'ஆகாஷ் 2' வந்தது. அது முன்னதைவிட நல்ல கருவி. ஆனால், அதற்குள் சந்தையில் சாதாரண விலையிலேயே நல்ல டேப்லெட்கள் வந்துவிட்டன. திட்டம் சில வருடங்களில் ஓசையின்றி அடங்கியது.

ஆகாஷின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் கருவியைத் திணித்ததுதான் பிரச்னை. மாணவர் செய்யப்போகும் வேலை என்ன, அதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று ஆரம்பித்திருந்தால் கணக்கே வேறாக வந்திருக்கும்.

கானாவில் உடைந்த கிண்டில்கள்

கடல் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. 'வேர்ல்டுரீடர்' என்ற தொண்டு நிறுவனம், ஆப்பிரிக்காவின் கானா நாட்டுப் பள்ளிகளில் 2010-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிண்டில் கருவிகளைக் கொடுத்தது. பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள். படிக்கக் கிடைத்த புத்தகங்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. ஆனால், மதிப்பீட்டு அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. சோதனைக் காலத்திலேயே ஏறத்தாழ 40 சதவிகிதக் கருவிகள் பழுதாகியிருந்தன. முக்கியக் காரணம், எளிதில் உடையும் திரை.

திட்டம் தோல்வி இல்லை. உறுதியான கவர், பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று அடுத்தடுத்து சரிசெய்துகொண்டார்கள். நம் ஊர் நூலகர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: 30 கருவி வாங்கினால், இரண்டாம் வருடமும் 30 கருவி ஓடும் என்று கணக்குப் போடக் கூடாது.

இ-ரீடரா, டேப்லெட்டா?

இ-ரீடரின் பலம் அதன் திரை. காகிதம்போல வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதால், பஸ் ஸ்டாண்ட் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். கண் கூசாது. ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும். வாட்ஸ்அப், ரீல்ஸ் என்று கவனம் சிதறவும் வழியில்லை. 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்களை விற்கத் தொடங்கியதால், தமிழில் படிப்பதும் எளிதானது.

ஆனால், கல்லூரி நூலகத்துக்கு அது மட்டும் போதாது. காரணம், கல்லூரிப் படிப்பில் பெரும்பகுதி பி.டி.எஃப். கோப்புகள். ஏ4 அளவில் வடிவமைத்த ஆய்வுக் கட்டுரையை 6 அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் இடமும் வலமும் தள்ளித் தள்ளியே பாதி நேரம் போய்விடும். வேதியியல் படம், வண்ண வரைபடம், வீடியோ பாடம் எல்லாம் சாதாரணக் கறுப்பு-வெள்ளை இ-ரீடரில் எடுபடாது.

உரிமையிலும் ஒரு சிக்கல் உண்டு. இ-புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும் பல கடைகளில் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். அதுவும் தனிநபர் கணக்குக்கு உரியது. நூலக இரவலுக்கு அது பொருந்துமா என்பதை முன்பே படித்துப் பார்க்க வேண்டும். 2009 ஜூலையில், உரிமைப் பிரச்னை காரணமாக ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தானாகவே அழிக்கப்பட்டது. அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு இந்தக் கதி வராது.

பார்வைக் குறையுள்ள மாணவர்களையும் மறக்கக் கூடாது. அதே 2009-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் கிண்டில் டி.எக்ஸ். கருவியைப் பாடங்களுக்குப் பயன்படுத்த முயன்றபோது, பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. கருவிக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டத் தெரியும். ஆனால், அந்த வசதியைத் தேடித் திறக்கும் மெனு பேசாது. பார்வையற்றவர் எப்படித் திறப்பார்? 2010 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் 'டாக்பேக்' வசதி இருக்கிறது, தமிழும் பேசும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான அரசுக் கல்லூரி நூலகங்களுக்கு 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்தான் பொருத்தம். இலக்கியம், போட்டித் தேர்வு என நீண்ட நேரம் படிப்பவர்களுக்காக இரண்டு மூன்று இ-ரீடர்கள் கூடுதலாக இருந்தால் நல்லது.

தமிழக அரசு 2011 முதல் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில், அடுத்த 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று அறிவித்தது. அப்படியானால் நூலகத்தின் வேலை அதையே இன்னொரு முறை செய்வது அல்ல. இன்னும் கருவி கைக்கு வராதவர், கருவி பழுதில் இருப்பவர், பெரிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் வர முடியாதவர்... இந்த இடைவெளியை நிரப்புவதுதான் நூலகத்தின் வேலை.

கருவிக்குள் என்ன இருக்கும்?

வெறும் டேப்லெட் ஒரு கண்ணாடிப் பலகைதான். உள்ளே வரப்போவது என்ன என்பதை முதலில் பட்டியலிட வேண்டும். நல்ல செய்தி, அதில் பெரும்பகுதிக்கு நூலகம் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை.

ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் இந்திய தேசிய மின் நூலகம் எல்லோருக்கும் இலவசம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் அதிகமான உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு அனுமதி. முன்பு பெரிய பல்கலைக்கழகங்களில் மட்டும் கிடைத்த ஆய்விதழ்கள், சிறிய ஊரின் அரசுக் கல்லூரிக்கும் வருகின்றன.

தமிழுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பாரதி வரை இலவசமாகத் தருகிறது. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய நூல்கள் பலவும் பக்கங்களைப் படம் பிடித்த ஸ்கேன் கோப்புகள். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. டாக்பேக் படித்துக் காட்டாது. கோப்பும் கனமாக இருக்கும். அதனால், கடையில் டேப்லெட்டைச் சோதிக்கும்போது கம்பெனி காட்டும் வீடியோவைப் பார்த்து மயங்காமல், 400 பக்க ஸ்கேன் நூல் ஒன்றைத் திறந்து வேகமாகப் பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும். திணறினால், வேறு மாடல்.

இணையம் இல்லாத நேரத்துக்கும் வழி உண்டு. 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே மெமரி கார்டில் இறக்கி வைக்கலாம். பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள், இலவச நூல்கள் எல்லாவற்றையும் துறைவாரியாகப் போட்டுக் கொடுத்தால், சிக்னல் இல்லாத பஸ் பயணத்திலும் படிப்பு நிற்காது. மெமரி கார்டு போடும் வசதி இல்லாத மாடலை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கலாம்.

3 லட்சம் ரூபாயை எப்படிப் பிரிப்பது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நூலகத்துக்கு 3 லட்சம் ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: 10,000 ரூபாய் டேப்லெட் 30. பணம் முழுக்கக் கருவிக்கே சரியாகிவிடும். கவர், சார்ஜிங், பழுது எதற்கும் ஒரு ரூபாய் மிச்சம் இல்லை.

இரண்டாவது வழி இப்படி:

- 12,000 ரூபாய் டேப்லெட் 15 - 1,80,000 ரூபாய்
- உறுதியான கவர், டெம்பர்டு கிளாஸ், மெமரி கார்டு (கருவிக்கு 1,000) - 15,000 ரூபாய்
- பூட்டி வைத்தே சார்ஜ் செய்யும் அலமாரி - 25,000 ரூபாய்
- யு.பி.எஸ்., வைஃபை ரூட்டர் - 20,000 ரூபாய்
- கோப்புகளைச் சேமித்துப் பகிரும் ஒரு சிறிய கணினி - 20,000 ரூபாய்
- 3 வருடப் பழுது, மாற்றுக் கருவி நிதி - 40,000 ரூபாய்

மொத்தம் அதே 3 லட்சம். திறப்பு விழாப் புகைப்படத்துக்கு முதல் வழிதான் அழகு. ஆனால் மூன்றாம் வருடம் எண்ணிப் பார்த்தால், உடைந்ததைச் சரிசெய்ய வழியில்லாத 30-ஐவிட, பராமரிப்பு உள்ள 15 கருவிகள் அதிக மாணவர்களின் கைக்குப் போயிருக்கும். விலைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். ஆனால், கருவிக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல், மற்றவற்றுக்கு மீதி என்ற விகிதம் கைகொடுக்கும்.

யு.பி.எஸ். எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2018 நவம்பர் 16-ம் தேதியை நினைவுபடுத்தலாம். கஜா புயலுக்குப் பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த அளவு பேரிடரை யு.பி.எஸ். தாங்காதுதான். சாதாரண மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலிருந்தாவது சார்ஜரைக் காப்பாற்றும்.

விலையைத் தீர்மானிப்பது எது?

அரசு நிறுவனங்கள் நினைத்த மாடலைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் (1998) இருக்கிறது; ஜெம் எனப்படும் அரசு மின்சந்தை இருக்கிறது. கேட்ட தகுதிகள் இருந்தால், குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் போகும். ஆகவே, கருவியின் தரம் முடிவாவது விலைப்புள்ளியைப் பிரிக்கும் நாளில் இல்லை; தேவைகளை எழுதும் நாளில். 'நல்ல டேப்லெட் 15' என்று எழுதினால், இருப்பதிலேயே சுமாரானது வரும். எழுத வேண்டியவை இவை:

1. திரை: 10 அங்குலம் அல்லது அதற்கு மேல்.
2. வேகம்: குறைந்தது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு, மெமரி கார்டு வசதி.
3. அப்டேட்: ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை ஆண்டுகள் வரும் என்ற எழுத்துபூர்வ உறுதி. இது நின்ற பிறகு, பல செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும்.
4. சர்வீஸ்: மாவட்டத்துக்குள் அல்லது திருச்சியில் சர்வீஸ் சென்டர். திரை, பேட்டரி, சார்ஜிங் போர்ட் ஆகியவை 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்ற உறுதி.
5. சார்ஜர்: யு.எஸ்.பி. டைப்-சி மட்டும், பி.ஐ.எஸ். பதிவு பெற்றது. 15 கருவிக்கும் ஒரே ரகம்.
6. கட்டுப்பாடு: திருப்பிக் கொடுக்கும்போது முந்தைய மாணவரின் கணக்கு, படம், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும்படி அமைக்கும் வசதி. முக்கியமாக மாணவிகளின் பாதுகாப்புக்கு இது அவசியம்.
7. மாதிரி: மொத்தமாக வாங்கும் முன் ஒரு கருவியை வாங்கி, குறைந்தது 2 வாரம் மாணவர்களிடமே கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பு.

கடலோர ஊருக்குப் போகும் கருவி என்றால் இன்னொன்று. உப்புக் காற்று முதலில் கடிக்கும் இடம் சார்ஜிங் போர்ட். போர்ட்டை மூடும் ரப்பர் மூடி உள்ள கவரைத் தேடி வாங்கலாம். ஈரக் கையோடு சார்ஜ் போடக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். செலவில்லாத காப்பீடு அது.

பேட்டரிக்கும் ஒரு பழக்கம் வேண்டும். லித்தியம்-அயான் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் வரை நன்றாக இருக்கும். பிறகு மெதுவாகக் கொள்ளளவு குறையும். கோடை விடுமுறையில் சார்ஜ் சுத்தமாக இறங்கிய நிலையில் பூட்டி வைத்தால், ஜூனில் திறக்கும்போது சில கருவிகள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பாதி சார்ஜில் அணைத்து வைத்து, மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

உடைந்தால் யார் கட்டுவது?

எல்லாம் சரியாக வாங்கியாகிவிட்டது. கடைசியில் ஒரு விதி மொத்தத்தையும் கெடுத்துவிட முடியும்: 'கருவி சேதமானால் முழு விலையையும் மாணவர் செலுத்த வேண்டும்.'

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். 12,000 ரூபாய் கருவியை உடைத்தால் நீதான் கட்ட வேண்டும் என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துப் போட எந்த அம்மா சம்மதிப்பார்? "அதெல்லாம் வேண்டாம்மா, கிளாஸ்ல எழுதினதைப் படி" என்றுதான் சொல்வார். யாருக்காக வாங்கினார்களோ, அவர்களே தொடப் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். கருவி மட்டும் அலமாரியில் பத்திரமாகப் பழசாகும்.

அதனால்தான் பழுது நிதியை முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். தெரியாமல் விழுந்து உடைந்தால் நூலகத்தின் செலவு. வேண்டுமென்றே செய்தால் மட்டும் மாணவரின் பொறுப்பு என்று விதியிலேயே எழுதலாம். வழக்கமாக ஒரு நாள் இரவல் என்றால், வெள்ளிக்கிழமை வாங்கினால் திங்கள்கிழமை கொடுக்கலாம் என்று வைக்கலாம். தேர்வு மாதத்தில், சொந்தக் கருவி இல்லாதவர்களுக்கு முதல் முன்னுரிமை. அதையும் அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டாமல், சங்கடப்படுத்தாமல் செய்யலாம்.

மாதம் ஒரு முறை ஒரு சின்னக் கணக்கும் எழுதி வைக்கலாம். எத்தனை கருவி வெளியே போனது, எத்தனை முதலாமாண்டு மாணவிகள் எடுத்தார்கள், எது திரும்பத் திரும்பப் பழுதாகிறது? அடுத்த முறை நிதி கேட்கும்போது இந்த நோட்டுதான் பேசும்.

குறைந்த செலவில் படிப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் மண்ணுக்குப் பழக்கமில்லாத வேலை இல்லை. 1931-ல், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கான ஐந்து விதிகளை எழுதி வெளியிட்ட அதே வருடம், மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். கிராமத்துப் பாதைக்கு எது போகுமோ, எது பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடியுமோ, அந்த வண்டியைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார்.

இன்றைய வண்டி, ஒரு கையில் அடங்கிவிடுகிறது. பாதை மட்டும் அதேபோல மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு மலிவு என்று கேட்பதற்கு முன்னால், யார் வீடு வரைக்கும் போகும் என்று கேட்டுவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.